பெரியப்பா மிதித்த பிரேக்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது அம்மாதான். அப்பா கம்பெனி பஸ்ஸில் போச்சம்பள்ளிக்கு வேலைக்குப் போய்விடுவார். கெலமங்கலத்தில் தையல் கடை வைத்திருந்த அம்மா, போகிற வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில், பிரேக் மிதித்தால் கிரீச்சென்று சத்தம் வந்தது. ஈரம் என்றார் அப்பா. சில நாளில் அது கரகரவென்று மாறியது. ராயக்கோட்டை பக்கம் ஓர் இறக்கத்தில், முன்னால் போன தக்காளி வண்டி திடீரென்று நிற்க, அம்மா மிதித்த மிதிக்குக் கார் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், அந்த வண்டியை இடிக்காமல் மயிரிழையில் நின்றது.

"இன்னொரு தடவை ஈரம்னு சொன்னீங்கன்னா, நானும் பொண்ணும் பஸ்ல போயிக்கிறோம்" என்றாள் வீட்டுக்கு வந்து.

சனிக்கிழமை அப்பா ஜாக்கி போட்டு, முட்டுக் கொடுத்து, முன்சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் பேடின் கறுப்புப் பட்டை முழுக்கத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசியதில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில் வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. உடனே ஓசூர் போய்ப் புதுப் பேடும் தட்டும் வாங்கிவந்து மாட்டினார். ஆனால் நடுவில் தளர்த்தக்கூடாத ஒரு திருகைத் தளர்த்திவிட்டார். பிரேக் எண்ணெய் போகும் குழாயில் காற்று புகுந்து, பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போயிற்று.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே அந்தத் திருகைத் திறந்து மூட வேண்டும். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். தினமும் அதே பெடலை மிதிக்கிற அம்மா, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள். என்னைப் பார்த்து, "போயி பெரியப்பாவக் கூட்டிட்டு வா கண்ணு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாவும் அப்பாவும் பேசி நான் பார்த்ததே இல்லை. பொதுக் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்பதில் வந்த சண்டை, நான் பேசப் பழகுவதற்கு முன்பே நடந்ததாம்.

கூப்பிட்டதும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நேராகப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அப்பா சக்கரத்தருகே குந்திக்கொண்டு என்னிடம், "அமுக்கச் சொல்லு" என்றார். நான் ஜன்னலில் எட்டி, "பெரியப்பா, அமுக்கணுமாம்" என்றேன். "அமுக்கியாச்சின்னு சொல்லு" என்றார் அவர். இருவருக்கும் நடுவே ஒரு கார்க் கதவுதான். அதைச் சுற்றி நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

திருகில் மாட்டிய குழாய் வழியே எண்ணெயும் குமிழியும் பாட்டிலுக்குள் இறங்குவது அழகாக இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். தகவல் வராததால் பெரியப்பா காலை எடுக்கப்போனார்.

"அண்ணா, விட்றாத! இன்னும் மூடல!" என்று அப்பா அலறினார்.

"நீ வாயத் தொறந்து சொன்னாத்தானேடா எனக்குத் தெரியும்!" என்று பெரியப்பாவும் கத்தினார்.

திருகை இறுக்கி மூடிவிட்டு, அப்பா குனிந்தபடி, "இப்ப விடுண்ணா" என்றார், மெதுவாக. அதன்பின் என்னை யாரும் கேட்கவில்லை.

பெடல் கெட்டியானதும் இருவரும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். வெகுநேரம் ஆகியும் திரும்பவில்லை. நான் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தேன். அம்மா பதறாமல் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டாள். இருட்டும் நேரத்தில் வந்து இறங்கிய பெரியப்பா, "பெடலு இன்னும் கொஞ்சம் எறங்குது. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்" என்றார்.

அடுத்த வாரம் வந்தார். ஒரே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாராவாரம் பார்க்கிற அளவுக்கு நம் பிரேக் மோசமா என்று நான் பயந்துபோய் அம்மாவைக் கேட்டேன்.

"ஆமா கண்ணு. ரொம்ப நாளா கெட்டுக் கெடந்தது இல்லியா, மெதுவாத்தான் சரியாவும்" என்றாள்.

அதை நம்பி, அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.