நெட்டுக்குப்பத்தில் ஆற்றை அளந்த காலை

“எண்ணூர்க் கழிமுகத்தை அளக்க ஆட்கள் தேவை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.” ராயபுரத்தில் டீக்கடைச் சுவரில் இருந்த இந்த நோட்டீஸை நானே படித்தேன். ‘போதும்’ என்று போட்டிருக்கிறார்களே! எழுபது வயதில், போன வருடம்தான் எனக்கு அது வந்தது. உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை 6.10க்குக் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினேன். எண்ணூருக்கு ஐந்து ரூபாய், அரை மணி நேரம். வழியெல்லாம் ஸ்டேஷன் பெயர்களைப் படித்தேன். திருவொற்றியூரை முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அத்தனை எழுத்து, என் மேல் தப்பில்லை.

அங்கிருந்து நெட்டுக்குப்பம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

“எங்க நைனா காலங்காத்தால?” என்றார் டிரைவர்.

“ஆத்த அளக்கப் போறேம்பா.”

“அளந்து இன்னா, பட்டா வாங்கப் போறியா?”

ஆட்டோவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கரையில் தமிழ்ச்செல்வி காத்திருந்தார். கல்லூரி ஆசிரியை, இந்த வேலையை நடத்துபவர். மாதம் ஒருமுறை தண்ணீரின் உப்பு, அடியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல் சேற்றின் ஆழம், அன்று கிடைத்த மீன் மூன்றையும் ஒரே தாளில் எழுதுகிறார்கள். ஆறும் அதை நம்பியவர்களும் இன்னும் எத்தனை காலம் தாங்குவார்கள் என்று அதை வைத்துப் பார்ப்பார்களாம். இந்த இடத்தில் இரண்டு மாதமாக மீனுக்குச் சுழியம். மூன்றாவது சுழியமும் விழுந்தால், இங்கே யாருக்கும் பிழைப்பு இல்லை என்று மீன்பிடி இடங்களின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குப்பத்துச் சரோஜா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு எவ்ளோம்மா பிடிச்சே?”

“ஒண்ணும் இல்ல பெர்சு.”

சுழியம் போட்டேன். மனசே இல்லை. அப்போது அவர் எழுந்தார். இடுப்பில் கட்டிய பை கனத்துத் தொங்கியது. உள்ளே ஏதோ துள்ளியது.

“அப்ப இது இன்னா?”

“அது வூட்டுக் கொழம்புக்கு. யாவாரிகிட்ட எடைக்குப் போனாத்தான் பிடிச்சதுன்னு சொல்லுவோம். கொழம்புக்கு எடுத்தத எவனாவது சொல்லிகினு இருப்பானா?”

“போன மாசம்?”

“கொழம்பு வெக்காம இன்னா, பட்டினியா கெடந்தோம்? நல்லா கேட்ட போ!”

தமிழ்ச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எடை பார்த்தோம். முக்கால் கிலோ.

“தாத்தா, அந்தச் சுழியத்த அடிங்க,” என்றார். தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ‘வீட்டுக்கு’ என்று என்னையே எழுதச் சொன்னார். அந்த இடம் பட்டியலில் நின்றது. “ரெண்டு மாசமா எங்கள இல்லாம பண்ணிட்டீங்களேம்மா,” என்று சரோஜா சிரித்தார். தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீங்களும் போகலாம். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. பழைய செருப்பு போதும், சேறு வாங்கிக்கொள்ளும். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். அங்கே யாரிடமும் எவ்வளவு பிடித்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் இன்று என்ன குழம்பு என்று கேளுங்கள்.