இடது பக்கம் வந்த கியர்

எங்கள் பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கோவையிலிருந்து கப்பலில் என்னோடு மெல்பர்னுக்கு வந்த வண்டி. போன வருடம் என் வலது கணுக்கால் முறிந்தது. குணமான பிறகு அந்தக் காலால் மிதிக்க முடிந்தது; கியரைத் தூக்கத்தான் முடியவில்லை.

"பேசாம வித்துடலாம்" என்றார் கணவர். எனக்கு வந்ததே கோபம்!

நோபல் பார்க் வீட்டு கராஜில் உட்கார்ந்து, வண்டிக்குக் குறுக்கே ஒரு தண்டு பொருத்தி, கியரை இடது பக்கத்துக்கும் பிரேக்கை வலது பக்கத்துக்கும் நானே மாற்றினேன். சோதித்த மெக்கானிக்கால் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை.

முதல் ஓட்டத்தில் தெருமுனைகூடத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி காரைப் பின்னால் எடுத்தார். பதறிப்போய், பழைய பழக்கத்தில் இடது காலால் மிதித்தேன். கியர் மாறியதே தவிர வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, கை பிரேக்கை இறுக்கியதில் காருக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன்.

"பிள்ளை, பிரேக் பிடிக்கேல்லையோ?" என்று ஓடி வந்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. கால்தான் இன்னும் பழைய இடத்தையே தேடுது."

வண்டியை மாற்றிய நான் காலைப் பழக்கவில்லை. இப்போதெல்லாம் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் வண்டியில் உட்கார்ந்து, யோசிக்காமல் வலது கால் இறங்கும்வரை மிதித்துப் பழகிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

விற்கச் சொன்னவருக்கும் இப்போது ஓட்ட ஆசை. கராஜில் உட்கார்ந்து மிதித்துப் பழகுகிறார். நான் திடீரென்று "நிறுத்துங்க!" என்று கத்தினால் அவருக்கு இன்னும் இடது கால்தான் இறங்குகிறது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது.