பஸ்ஸில் வந்த நட்டுவாக்காலி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பங்குனி ஞாயிறு, காலை ஆறு மணிக்குத் திருநகரிலிருந்து கிளம்பினேன். பைக்குள் மூடியில் ஓட்டை போட்ட ஒரு காலி ஊறுகாய் பாட்டில். நான் விலங்கியல் ஆசிரியர். மறுநாள் பள்ளிக் கண்காட்சியில் நட்டுவாக்காலியை, அதாவது கறுத்த பெருந்தேளை, உயிரோடு காட்டுவதாகப் பிள்ளைகளிடம் வாய்க்கொழுப்பில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பெரியார் பஸ் நிலையத்தில் உசிலம்பட்டி பஸ் வரவே ஒரு மணி நேரம். டிக்கெட் ஒன்பது ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டர். செக்கானூரணியில் டீ குடிக்க இறங்கிய டிரைவர் ஊர்க்கதை முழுவதும் பேசிவிட்டுத்தான் ஏறினார்.

பத்து மணிக்குப் பாண்டியின் வீடு. எங்கள் பள்ளி எழுத்தருடைய மைத்துனர், மானாவாரி விவசாயி. உடனே காட்டுக்குப் போவோம் என்றேன்.

"கறிக்குழம்பு கொதிக்குது சார். சாப்பிடாம அனுப்புனா மச்சான் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு."

மூன்று முறை சோறு போட்டார். ஒரு மணி உச்சி வெயிலில்தான் போனோம். செம்மண் கரையில் பிறை வடிவத்தில் ஒரு வளை. பாண்டி தோண்டத் தோண்ட அது இறங்கிக்கொண்டே போனது. முழங்கை ஆழத்தில் மண் சில்லென்றிருந்தது.

"வெயிலு ஏற ஏற அடியில போயிரும் சார். காலையிலயே வந்திருந்தா இம்புட்டுத் தோண்ட வேணாம்."

காலையில் என்னைச் சோற்றோடு கட்டிப்போட்டது யார்? பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருவழியாக நட்டுவாக்காலி வந்தது. இடுக்கியால் பிடித்துப் பாட்டிலில் விட்டேன்.

"கொஞ்சம் ஈர மண்ணு போடுங்க சார்."

"வேணாம் பாண்டி. மண்ணுக்குள்ள பூந்துக்கிட்டா பிள்ளைகளுக்குத் தெரியாது. இது பாலைவனத்துலயே வாழுற சாதி. மாசக்கணக்கா தீனி இல்லாம கெடக்கும்."

திரும்பும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பாட்டில் உடைந்துவிடுமே என்று டிரைவர் பக்கத்து என்ஜின் பெட்டிமேல் பையை வைத்தேன். "என்ன சார் பையில?" என்றார். "ஊறுகாய்ண்ணே" என்றேன்.

ஐந்தரை மணிக்கு வீட்டில் பாட்டிலை எடுத்தால் கை சுட்டது. நட்டுவாக்காலி மல்லாந்து கிடந்தது. பஸ்ஸை, பாண்டியை, கறிக்குழம்பை எல்லாம் திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாலைவனத்திலும் தேள் வெயிலைத் தாங்கி வாழ்வதில்லை. பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கி, இரவில்தான் வெளியே வரும். நானோ ஈர மண்கூடப் போடாமல் அதை என்ஜின் சூட்டின்மேல் உட்காரவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். பத்து வருடமாக இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் செத்ததையே கண்காட்சியில் வைத்தேன். "எப்படி சார் செத்துச்சு?" என்றாள் ஒரு ஏழாம் வகுப்புப் பெண்.

"வாத்தியாரு பாடம் படிக்காம போயிட்டாரும்மா" என்றேன்.