கிருஷ்ணாயில் டின்

டிவியில், மனநோயோடு வாழும் ஒரு பாடகரைப் பற்றிய ஆவணப்படம். அவர் கம்பி கட்டிய பெட்டியை மீட்டியதும் எனக்குச் சித்தப்பாவின் கிருஷ்ணாயில் டின் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்த காலம்; நான் சிறுமி. பூந்தமல்லி ரோட்டில் பட்டாள லாரி ஹாரன் அடித்தால், சித்தப்பா அந்தச் சுருதிக்கே டின்னில் கட்டிய கம்பியை முறுக்கி, மீட்டிப் பாடுவார். தெருவே அவரைப் பைத்தியம் என்றது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, சம்பந்தம் தட்டிப்போகும் என்று அம்மா பயந்ததால், டின்னை வைக்கோல் போரில் நான்தான் ஒளித்தேன். சித்தப்பா, வந்தவர்கள் நடுவே உட்கார்ந்து வெறும் மடியில் விரல்களை ஓட்டினார்.

"இன்னா நைனா பண்ணிகினு கீறே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வாசிச்சிகினு கீறேன்" என்றவர், வெற்றிலைத் தட்டோடு நின்ற என்னிடம் கேட்டார்: "உனக்குக் கேக்குதில்ல?"

"இல்ல" என்றேன்.

விரல்கள் நின்றன. மறுநாள் டின்னைக் கொடுத்தும் அவர் தொடவில்லை.

மகள் டிவியை அணைத்தாள். "சவுண்டு சரியா கேட்டுச்சாம்மா?"

"இன்னும் கேக்குது" என்றேன்.