ஒர்சோலாவின் சிவப்பு மரை

வலது கையில் சிறிய சாவி. இடது கையின் கட்டைவிரல் ரிம்மின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் இருந்தது. சக்கரம் மெல்லச் சுழன்று, விரலில் உரசிய இடத்தில் நின்றது. அந்த இடத்துக் கம்பியை ரிம்மோடு பிடித்து நிறுத்தும் சின்னஞ்சிறு பித்தளை மரையைச் சாவி கவ்வி, கால் சுற்று திருகியது. பிறகு சாவியின் முதுகால் கம்பியில் ஒரு தட்டு. டிங். அடுத்த கம்பி, டிங். அதற்கடுத்ததும் டிங். பக்கத்தில் இருந்தது மட்டும் டொக்கென்றது, சளி கட்டிய தொண்டைபோல. கைகள் அவசரப்படவில்லை. டொக்கென்றதை அப்படியே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் இழுக்கும் கம்பியைத் தட்டிக் கேட்டன. ஒன்றை இறுக்குமுன் அதை எதிர்த்து நிற்பதன் நிலைமையைக் கேட்க வேண்டும்.

வட இத்தாலியின் செரியோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டுப்பாதை பைக் ஓட்டுகிற எவரும் அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்லிவிடுவார்கள். ஒர்சோலாவுக்கு யாரும் சக்கரம் கட்டச் சொல்லித் தரவில்லை. அப்பா தேவாலய மணியடிப்பவர்; மணி பழகுவதற்குக் கண்ணாடிப் பட்டைகள் பதித்த பெட்டி ஒன்று வீட்டில் உண்டு. அதைத் தட்டித் தட்டி அவளுக்குக் காது தேர்ந்திருந்தது. கணவன் திஸ்தா பைக் பழுது பார்ப்பான். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவனுக்குச் சக்கரம் பெண்டு எடுப்பதென்றால் வேப்பங்காய். ஒருநாள் அவன் கோபத்தில் எறிந்த சக்கரத்தை அவள் எடுத்து வந்து தட்டிப் பார்த்தாள். கட்டினாள், கெடுத்தாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். பிறகு பள்ளத்தாக்கு முழுக்க அவளிடம் வந்தது.

அவள் பட்டறையில் ஒரே ஒரு வழக்கம்தான் சட்டம். புதிதாகக் கட்டிய சக்கரம் ஒரு நல்ல ஓட்டம் ஓடித் திரும்பி வர வேண்டும். ஓடினால்தான் கம்பிகள் தங்கள் இடத்தில் போய் உட்காரும், உட்கார்ந்ததும் தளரும். அப்போது இரண்டாம் முறை இறுக்கி, வால்வுத் துளைக்குப் பக்கத்திலிருக்கும் மரைக்குச் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு வைப்பாள். சிவப்பு இருந்தால் அது ஒர்சோலா முடித்த சக்கரம். இல்லையென்றால், எவ்வளவு பளபளத்தாலும், பாதிச் சக்கரம்.

இப்போது தாங்கியில் சுழன்றுகொண்டிருந்தது ஃபெர்மோவின் சக்கரம். ஃபெர்மோ மலைமேல் மரம் வெட்டுகிறவன். பல வருடம் விண்ணப்பித்து, ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடக்கும் பாலைவனப் பந்தயத்தில் அவனுக்கு இந்த முறைதான் இடம் கிடைத்திருந்தது. ஒர்சோலாவின் சக்கரங்கள் ஆல்ப்ஸ் முழுக்க உருண்டிருக்கின்றன, மணலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பைக்காரர்கள் பீனாவின் காபிக்கடையில் கூடுவார்கள். ஆகஸ்டிலிருந்து கடைக்குள் உட்காரப் பச்சைப் பாஸ் வேண்டும். கொரோனா தடுப்பூசி போட்டிருந்தால் அது போனில் வரும். ஃபெர்மோ போட்டுக்கொள்ளவில்லை. அதனால் எல்லோரும் வெளியேதான் உட்கார்ந்தார்கள், அக்டோபர் பனியில், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

"உன்னால எனக்கு மூக்கு உறைஞ்சு போச்சு, ஃபெர்மோ," என்றாள் லீவியா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சேற்றில் பைக் ஓட்டினால் ஆண்களை அழவைப்பாள். "அந்த ஊசியப் போட்டுத் தொலையேன். உள்ள போய் உக்காரலாம்."

"நீ போ உள்ள. உன்னை யாரு கட்டிப்போட்டா?"

"போனா நீ தனியாப் பேசிட்டிருப்ப. மரத்துக்கிட்டப் பேசிப் பழகினவன்தானே. அது வெட்டுப்படற வரைக்கும் கேட்டுக்கும்."

"சிரி, சிரி. காபி குடிக்கப் பாஸ், பஸ் ஓட்டப் பாஸ். நாளைக்குப் பொண்டாட்டி பக்கத்துல படுக்கவும் பாஸ் கேப்பான்."

"உன் பொண்டாட்டி இப்பவே கேக்கலாம்."

ஒர்சோலாவும் சிரித்தாள். அவளுக்கும் ரோமிலிருந்து வரும் உத்தரவுகள் பிடிக்காது. போன வருடம் மார்ச்சில், ஊரில் சாவுமணி அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அடித்தால் நாள் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். திஸ்தா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். பள்ளத்தாக்கில் ஆக்சிஜன் கிடையாது. அப்போது இந்த ஃபெர்மோதான் போலீஸ் தடுப்புகளை ஏமாற்றி, ஆட்டுப்பாதைகளில் மலையைத் தாண்டி, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தான். அது திஸ்தாவைக் காப்பாற்றவில்லை. இரண்டு இரவு நன்றாகத் தூங்கவைத்தது. திஸ்தா போன பிறகு அவள் யாரும் கேட்காத சக்கரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த போலீஸ்காரன், "பட்டறையெல்லாம் மூடணும்னு உத்தரவு," என்றான். "பட்டறை மூடித்தான் இருக்கு. நான் என் வீட்டுல உக்காந்து தட்டறேன். தட்டக் கூடாதுன்னு உத்தரவு இருந்தாக் காட்டு," என்று கதவைச் சாத்தினாள்.

அதனால் ஃபெர்மோவுக்காகப் பனியில் உட்காருவது அவளுக்குப் பெரிய விஷயமில்லை.

"சரி, பந்தயத்துக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள் லீவியா. "ரெண்டு ஊசி போடாதவன ஃப்ளைட்லயே ஏத்த மாட்டானாமே. குச்சிய மூக்குல விட்டுக்கிட்டேவா அரேபியா போவ?"

ஃபெர்மோ குரலைத் தாழ்த்தினான். "ஒரு ஆள் இருக்கான். மிலான் பக்கம். ஊசிய எடுப்பான், பஞ்சுல பீச்சுவான், பேரப் பதிஞ்சிடுவான். பாஸ் போன்ல வந்துடும். அசல் பாஸ்."

யாரும் சிரிக்கவில்லை. ஒர்சோலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போடாத," என்றாள். "போடலன்னு சொல்லு, போகாத. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இந்தக் குளிர்ல உன்கூடவே உக்காந்திருப்பேன். ஆனா பொய்யக் கையில வெச்சுக்கிட்டு என் சக்கரத்துல போகாத."

"எல்லாம் ஒரு காகிதம்தான், ஒர்சோலா."

"அப்ப அந்தக் காகிதம் இல்லாமப் போ."

ஃபெர்மோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அந்த வாரம் சக்கரங்களை வாங்கிப் போனபோதும் இருவரும் அதைப் பேசவில்லை. "ஒரு ஓட்டம் ஓட்டிட்டுக் கொண்டா," என்றாள். தலையாட்டினான்.

கொண்டு வரவில்லை.

மாதக் கடைசியில் பியாசென்ஸா மலைகளில் இரண்டு நாள் பயிற்சிப் பந்தயம். லீவியா போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தாள்.

"ஃபெர்மோவோட சமாதானம் ஆயிட்டியா? சிவப்பு வெச்சுக் குடுத்திருக்க, சொல்லவே இல்ல?"

ஒர்சோலாவின் கை சாவியோடு அப்படியே நின்றது. "நான் வெக்கலையே."

"ரெண்டு சக்கரத்துலயும் இருந்துச்சே. நான் கெளம்பற இடத்துல பாத்தேன். அப்புறம் அவன் கண்ணுல படவே இல்ல."

மறுநாள் ஃபெர்மோவே வந்தான். பின்சக்கரத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அது சக்கரமாக இல்லை; எண்ணெயில் போட்ட அப்பளம்போல நெளிந்திருந்தது. ஒரு பக்கத்துக் கம்பிகள் அறுந்து நடுவிலிருந்த ஹப்பில் தொங்கின. வலது புருவத்தின்மேல் தையல்.

ஒர்சோலா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். வால்வுத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு இருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"மினுக்குது," என்றாள்.

ஃபெர்மோ தரையைப் பார்த்தான். "பொண்டாட்டியோட நகப்பாலிஷ்."

"என் சாயத்துல மினுக்கு கிடையாது."

"சிவப்பு இல்லன்னா நம்ம ஆளுங்க சும்மா விட மாட்டாங்கன்னு தெரியும்ல. ஏன் ஒர்சோலா வெக்கலன்னு ஆளாளுக்குக் கேப்பான். உன்கிட்ட வந்தா மறுபடி அந்தப் பேச்சை எடுப்பியேன்னுதான்... ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சேன்."

"எங்க விட்டுச்சு?"

"ஆத்துப் படுகை. கல்லு மேல. நல்ல வேகம்." புருவத் தையலைத் தொட்டு, "டொக்குன்னு கேட்டுச்சு. அப்புறம் வானம் தெரிஞ்சுது," என்றான்.

அவள் வெட்டும் குறடை எடுத்தாள். ஃபெர்மோவின் கண்ணெதிரிலேயே மிச்சமிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்கினாள். நெளிந்த ரிம்மைக் காப்பாற்ற முடியாது. எப்படியும் நறுக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நறுக்குக்கும் அவன் தோள் குலுங்கியது.

"பின்சக்கரம் பஞ்சுல ஊசி போட்டுக்கிச்சு," என்றாள். "பாஸ் மட்டும் அசலா இருந்துச்சு."

"சக்கரமும் ஊசியும் ஒண்ணா? பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே."

"ஒண்ணில்ல. ஊசியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் டாக்டர் இல்ல. என் சிவப்பைப் பத்தித் தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் உன் பின்னாடி வர்றவன் உன்னை நம்பிப் பக்கத்துல ஓட்டறான். நீ விழுந்து உன் மண்டை போனா உன் இஷ்டம். அவனும் சேந்து விழுவான்."

"உன் புருஷனுக்காக நான் எவன் பாஸையும் கேக்காம மலை தாண்டி வந்தேன்."

"வந்த. எதுவும் ஒளிக்கலையே? பிடிபட்டா என்ன சொல்லுவன்னு நான் கேட்டதுக்கு, 'ஆக்சிஜன்னு சொல்லுவேன், முடிஞ்சா பிடுங்கிக்கோன்னு சொல்லுவேன்'னு சொன்ன. அந்த ஃபெர்மோவுக்கு நான் எத்தனை சக்கரம் வேணாலும் கட்டுவேன். நகப்பாலிஷ் ஃபெர்மோவுக்குக் கட்ட மாட்டேன்."

"நகரத்துல மெஷின்ல கட்டித் தர்றான். அங்க வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கோ."

அவன் "பொத்தா" என்றான். அந்தப் பள்ளத்தாக்கில் வசவு, வருத்தம், சம்மதம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அவன் எதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கதவை அடைக்காமல் போனான்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் பீனாவின் கடைக்கு வரவில்லை. அவன் இல்லாததால் உள்ளே போகலாம். யாரும் போகவில்லை.

"ரொம்பப் பிடிவாதம் பிடிச்சிட்ட, ஒர்சோலா," என்றாள் லீவியா. "அவன் போனாத்தானே உன் சக்கரம் மணலப் பாக்கும்? அடுத்த வருஷம் எவனுக்கு இடம் கெடைக்கும்? இந்தப் பள்ளத்தாக்குல எத்தனை பேரு இருக்கோம்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? உனக்கு மரை கழண்டுபோச்சா?"

"மத்தவங்க மரைய இறுக்கறவளுக்குத் தன் மரை எங்கன்னு தெரியாதா?"

அன்று மாலையே புதிய ரிம்மைத் தாங்கியில் ஏற்றினாள். ஃபெர்மோவின் பழைய ஹப், புதுக் கம்பிகள். கட்டி முடித்தும் வேலை பாதிதான். சக்கரம் ஓட வேண்டும். ஓட்ட வேண்டியவன் இல்லை. திஸ்தாவின் பைக் மூலையில் துணி போர்த்தி நின்றது; அதே கம்பெனி, அதே அச்சு. ஞாயிற்றுக்கிழமை துணியை உருவினாள், சக்கரத்தை மாட்டினாள், பொலென்டா என்கிற மக்காச்சோளக் களியையும் பாலாடைக்கட்டியையும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் முனகியதைக் கேட்காததுபோல ஏறி, ஃபெர்மோ சிலிண்டரோடு வந்த அதே ஆட்டுப்பாதையில் மலையேறினாள். வேரிலும் பாறையிலும் பின்சக்கரத்தை வேண்டுமென்றே போட்டு அடித்தாள். கணவாயில் நின்று பொலென்டாவைத் தின்றுவிட்டு இறங்கினாள். இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை சிரிப்பு வந்தது.

திரும்பும் வழியில் லீவியா பார்த்துவிட்டாள். "யாருக்கு இந்தச் சக்கரம்?"

"பாலைவனம் போறவனுக்கு."

"அவன்தான் இல்லையே."

"சக்கரம் இருக்கு. ஆள் வரட்டும்."

நவம்பர் முடியப்போகும் ஒரு மதியம் ஃபெர்மோ பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. ஒர்சோலா சாவியோடு தாங்கி முன் உட்கார்ந்திருந்தாள். அவன் வலது கையால் போனை எடுத்து நீட்டினான்.

"பாரு. ரெண்டாவதும் ஆச்சு. நேத்து."

"உள்ள வை அதை. உன் போனைப் பாக்க நான் போலீஸ்காரனா?"

"பஞ்சுலன்னு நெனைக்கறியா?"

அவள் சக்கரத்தைச் சுழற்றினாள். கம்பிகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங். ஓர் இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தைக் கேட்டு, கால் சுற்று கொடுத்தாள். ஃபெர்மோ கதவில் சாய்ந்து நின்று கேட்டான்.

"ரோமுக்காகப் போடல," என்றான். "உனக்காகவும் போடல. அதையும் சொல்லிடறேன்."

"கேக்கலையே."

"மணலுக்காகப் போட்டேன். இன்னமும் அந்தச் சட்டம் அநியாயம்னுதான் சொல்லுவேன். பீனா கடைக்குள்ள இந்தப் பாஸைக் காட்டி நான் நுழைய மாட்டேன். செத்தாலும் வெளியதான் குடிப்பேன்."

"அப்ப நாங்களும் குளிர்ல சாகணுமா?"

"உங்க இஷ்டம். நான் யாரையும் கட்டிப்போடல."

"நகரத்துச் சக்கரம் என்னாச்சு?"

"மெஷின் கட்டினது. தட்டிப் பாத்தேன்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு பாட்டுப் பாடுது. முன்சக்கரத்த வண்டியில வெச்சிருக்கேன், உன்னோடதுதான். நகப்பாலிஷைச் சுரண்டிட்டேன்."

"அதையும் எறக்கி வை. நாளைக்கு ஆகும்."

கடைசிக் கம்பியும் மற்றவற்றின் குரலிலேயே பாடியது. அவள் எழுந்து அலமாரியிலிருந்து சாயப் புட்டியை எடுத்தாள். தூரிகை நுனியைப் புட்டியின் வாயில் வழித்து, வால்வுத் துளைக்குப் பக்கத்து மரையில் ஒரு சொட்டு வைத்தாள். வாயால் ஊதினாள். மினுக்கு இல்லாத, மங்கலான சிவப்பு.

காய்ந்ததும் சக்கரத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டு வந்தாள். ஃபெர்மோ வலது கையை நீட்டினான்.

"அந்தக் கை இல்ல," என்றாள் ஒர்சோலா. "இடது கையக் குடு."

அவன் தயங்கினான். இடது கையை விலாவிலிருந்து எடுத்து மெல்ல உயர்த்தினான். தோள் மட்டத்துக்கு வருமுன்பே முகம் சுருங்கிப் பல்லைக் கடித்தான். நேற்றைய ஊசி உள்ளே கனத்துக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்தது போதும் என்று பட்டதும், சக்கரத்தை அவன் வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள்.