பொட்டை அழித்துப் பார்த்து வாங்கிய மிஷின்

எங்கள் கதவுகள் திரும்பி வந்த நாளை நான் மறக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். திண்டிவனத்தில் எங்கள் மரப்பட்டறை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் செய்து அனுப்பிய பன்னிரண்டு கதவுகளும் அதில் இருந்தன. கனம் ஒன்றுபோல இல்லையாம். ஒரு கதவு ஒரு நூல் கூடுதல், இன்னொன்று ஒரு நூல் குறைச்சல். நூல் என்பது தச்சுக் கணக்கில் அரைக்கால் அங்குலம். காண்ட்ராக்டரின் மேஸ்திரி, நாலு பேர் பார்க்க, அந்த அரைக்கால் அங்குலத்தை அளந்து அளந்து காட்டிவிட்டு, கதவுகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கை சுத்தமான கைதான். ஆனால் கையால் இழைக்கிறவர் நாற்பதாவது பலகையிலும் முதல் பலகையின் கனத்தையே கொண்டுவர முடியுமா? காண்ட்ராக்டர் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். தை முடிவதற்குள் இருபத்துநாலு கதவு. இதுவும் சரியில்லை என்றால் இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் வராவிட்டால் வேறு யாரும் வர மாட்டார்கள். சரக்கு திரும்பி வந்த பட்டறை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டிருந்தது.

ஆகவே திக்னஸ் மிஷின் வாங்கியாக வேண்டும். பலகையை ஒரு பக்கம் விட்டால், தலையிலிருந்து வால் வரை ஒரே கனமாக இழைத்து மறுபக்கம் தள்ளுகிற மிஷின் அது. விழுப்புரத்தில் ஒரு கடையில் புதுசு இருந்தது. கிளியனூரில் ஒரு பட்டறைக்காரர் பெரிய மிஷினாகப் போட்டுவிட்டு, பழசை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். என் வீட்டுக்காரருக்குப் புதுசுதான் வேண்டும். அவருடைய உளி, சுத்தியல், ரம்பம் எல்லாமே யாரோ உபயோகித்துவிட்டுக் கொடுத்தவை. சைக்கிள்கூட அப்படித்தான். "ஒண்ணாவது யாரும் தொடாததா இருக்கட்டுமே" என்றார். எனக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் என்று பிடிவாதமாக நின்றேன்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தெருவிலும் கேட்டார்கள். என் அப்பா காணையில் ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டியவர். மில்லுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் நான் வளர்ந்தேன். பெல்ட் வழுக்கினால் என்ன சத்தம், பேரிங் போனால் என்ன சத்தம் என்பது அ, ஆ படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். பட்டறையில் இதை யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை.

எங்கள் பட்டறையிலிருந்தே நாலடி வேப்பம்பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன், குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

விழுப்புரத்துக் கடையில் புது மிஷின் பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கடைக்காரர் தன்னிடமிருந்த சின்னக் கட்டையை விட்டுக் காட்டினார். வழுவழுவென்று வந்தது. எங்கள் பலகையை விடச் சொன்னேன். விடும்போதே கவனித்தேன், மிஷின் மேல் அவர் வைத்திருந்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தகரக் கால், பாரம் தாங்காமல் ஆடுகிறது. பலகை வெளியே வந்ததும் விரலால் தடவினேன். கடைசி நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. எல்லா மிஷினும் அப்படித்தான், நுனியை அறுத்துப் போட்டுவிடுங்கள் என்றார் கடைக்காரர். பலகைக்கு நாலு விரல் என்றால் இருபத்துநாலு கதவுக்கு எவ்வளவு தேக்கு குப்பைக்குப் போகும்? என் வீட்டுக்காரர் காதில் அதெல்லாம் விழவில்லை. அவர் மிஷினின் பெயிண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதன்கிழமை, கிளியனூர் போனோம். பழைய மிஷின் முழுக்க வார்ப்பிரும்பு. பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்து, மேசை மட்டும் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாக இருந்தது. மோட்டாரைப் போட்டதும் உள்ளே கரகரவென்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்குத்தானே இத்தனை தூரம் என்று எழுதியிருந்தது. பேரிங்தான், மாற்றினால் போய்விடும் என்றேன். பலகை உள்ளே போய் வந்தது. என் வீட்டுக்காரர் தகரத்தில் வாய் வெட்டிச் செய்து கொண்டுவந்திருந்த அளவை எடுத்துப் பலகையில் மாட்டித் தலையிலிருந்து வால் வரை ஓட்டினார். எங்கும் சிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினார்.

அப்போதுதான் பொட்டைப் பார்த்தேன். மிஷினில் ஏழெட்டு இடத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் இருந்தது. எல்லாம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. முன்பக்க இடது காலில் இருந்தது மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு, ஈரம் காயாமல் இருந்தது. பட்டறைக்காரரைக் கேட்டேன். "வெள்ளிக்கெழம வெச்சதும்மா" என்றார். கார்த்திகைக் காற்றில் வெள்ளிக்கிழமைச் சந்தனம் புதன்வரை ஈரமாகவா இருக்கும்?

பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முந்தானையை எடுத்தேன். என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற மிஷினின் பொட்டை அழிப்பதா, அதுவும் சுமங்கலி கையால்? எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கையை விடுவித்துக்கொண்டு துடைத்தேன். கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், மேலே வெல்டிங்.

"வா, போலாம்" என்றார் அவர். பட்டறைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வண்டியிலிருந்து இறக்கும்போது விழுந்ததாம், ஆறு வருஷமாக அப்படியேதான் ஓடுகிறதாம். "மொதல்லயே சொன்னா ஒருத்தரும் நிக்க மாட்டேன்றாங்கம்மா, அதான்" என்றார்.

நான் கிளம்பவில்லை. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போல மிஷினைத் தட்டிக்கொண்டே வந்தேன். மேசை கணீரென்றது. உடம்பு கணீரென்றது. மற்ற மூன்று காலும் அப்படியே. அந்த ஒரு கால் மட்டும் தொப்பென்றது. விரிசல் மேலே ஏறவில்லை.

"காலு மட்டும்தாங்க ஒடஞ்சிருக்குது, இடுப்பு நல்லா இருக்குது. சிமென்ட் மேடை போட்டு போல்ட்டு வெச்சி இறுக்கிட்டா நிக்கும். எடுத்துக்கலாங்க" என்றேன்.

அவர் குனிந்து அந்தக் காலை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு பட்டறைக்காரரிடம், "எங்க வூட்ல சரின்னா சரிதாங்க" என்றார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பட்டறை ஆட்கள் அத்தனை பேர் நடுவில் அவர் அப்படிச் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழசு விலை குறைவு என்பதால்தான் நான் அதைக் கை காட்டினேன் என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் திரும்பும்போது பஸ்ஸிலும் விழுப்புரத்துப் புது மிஷின் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது எனக்குத் தெரியும். யாரும் தொடாத ஒரு பொருளை அவர் கையிலிருந்து நான் பிடுங்கிவிட்டேனே என்று வருத்தமாகவும் இருந்தது.

மேடை போட்டோம். காணையிலிருந்து அப்பா வந்து பேரிங் மாற்றிக்கொடுத்தார். முதல் ஒரு வாரம் என் வீட்டுக்காரருக்கு அது 'உன் மிஷின்'தான். உன் மிஷின் எண்ணெய் கேட்கிறது, உன் மிஷின் பேஜார் பண்ணுகிறது என்பார். பிறகு அப்படிச் சொல்ல நேரமில்லாமல் வேலை ஓடியது. காலை ஏழு மணிக்குப் போட்டால் சாயங்காலம்தான் அணைப்பார். நான் அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள்கூட அது மாறவில்லை.

தை கடைசியில் அதே மேஸ்திரி வந்தார். இருபத்துநாலு கதவும் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் வேலை எதுவும் இல்லாமலே பட்டறைக்குள் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி முதல் கதவை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்தார். இரண்டாவது கதவையும் அப்படியே. ஏழாவது கதவு முடிந்ததும் ஸ்கேலைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது. ஏத்துங்கப்பா" என்றார். மிஷின் புதுசா என்றும் கேட்டார்.

"பழசுதாங்க. எங்க வூட்ல பாத்து எடுத்தது" என்றார் என் வீட்டுக்காரர். பெருமையில் என் கண் நிறைந்துவிட்டது. அடக்கமெல்லாம் எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஆட்கள் கதவைத் தூக்க வந்தார்கள். அவர் குறுக்கே போய் நின்றார்.

"மீதி பதினேழு இருக்குது. அதையும் அளந்துடுங்க."

தேவையில்லை என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இருபத்துநாலாவது கதவின் கீழ் முனையில் ஸ்கேலை வைத்து எடுக்கும்வரை, ஒரு கதவைக்கூட என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்ற விடவில்லை.