உட்கார்ந்ததும் தாழும் வண்டி

அனுசியா மலைச் சைக்கிள் வாங்கியபோது, சாயர்புரத்தில் மலை எங்கே இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தேரி இருக்கிறதே என்றாள். ஊரைத் தாண்டினால் செம்மணல் மேடுகள். மழை பெய்து மணல் இறுகிவிட்டால் ஏறி இறங்க அருமையான தடம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வாரம் முழுக்கக் கன்டெய்னர்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஞாயிறு காலையில் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் வாங்கிய வண்டி. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஷாக் உண்டு. ஃபிரேம் நீளமாக, தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்திருக்கும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து அதை எட்ட நிறுத்தியிருந்ததால், சரிவில் எவ்வளவு வேகமாக விட்டாலும் ஹேண்டில்பார் உதறாது. முதல் நாள் வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பனைகளுக்கு நடுவே மிதித்துப் போகையில் பெடல் வேரில் இடித்து, வண்டியோடு குப்புற விழுந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கூட ஓட்டும் ஜெப்ஸிக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாசரேத்தில் ஆசிரியையான அவளது வண்டி உயர்ந்த ஃபிரேம். ஒருநாள் இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். அனுசியா எந்த வேரிலும் இடிக்காமல் போனாள். ஆனால் முன் ஃபோர்க் செங்குத்தாக நின்றதால், சரிவில் கண் போன பக்கமெல்லாம் சக்கரம் திரும்பியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பனைகளுக்கு நடுவே தானும் வேரில் இடித்துக்கொண்ட ஜெப்ஸியோ, சரிவில் தாழ்ந்த வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"இதை எனக்கே குடுத்துருங்கக்கா," என்றாள் ஜெப்ஸி.

அனுசியாவுக்கு விட மனம் வரவில்லை. தப்பு தன்னிடம் இல்லை என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

கணவன் ஜெயகணேஷ் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். டேப்பை எடுத்து வந்து, சுவரில் சாய்த்திருந்த வண்டியில் கீழ்ப்பெடலுக்கும் தரைக்கும் நடுவே அளந்தான். தாராளமாக இடம் இருக்கிறதே, எப்படி இடிக்கும் என்று அவனுக்குப் புரியவில்லை. நாலு தடவை அளந்த பிறகுதான் பொறி தட்டியது.

"ஏளா, நீ ஏறி உக்காரு பாப்போம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஷாக் அமுங்கியது. பெடல் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிவிட்டது.

"உக்காந்தாலே இவ்வளவு எறங்குது. மேடு பள்ளத்துல குதிச்சா இன்னும் எறங்கும்லா?" என்றான்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று இரவு தோசைக்கு உட்கார்ந்தபோதும் அதே பேச்சுதான்.

அதிகம் அமுங்காதபடி பின் ஷாக்கில் காற்றைக் கூட்டினார்கள். பெடலைத் தாங்கும் கிராங்கை மாற்றி, ஒரு சென்டிமீட்டர் குட்டையானது போட்டார்கள். ஏற்றத்தில் மிதிப்பது கொஞ்சம் கனத்தது. கியரை ஒருபடி இறக்கிச் சமாளித்துக்கொண்டாள். வேர் வரும் இடத்தில் முழுச் சுற்று மிதிக்காமல், இரண்டு பெடலையும் கிடைமட்டமாக வைத்து, அரை மிதி மிதித்துக் கடக்கவும் பழகினாள்.

கார்த்திகை மழை விட்டதும் துறைமுகத்துச் சைக்கிள் குழு தேரிக்கு வந்தது. பனைக்கூட்டம் வந்ததும் முன்னால் போனவர்கள் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். அனுசியா இறங்கவில்லை. அரை மிதி, உருளல், மறுபடி அரை மிதி என்று வேர்களுக்கு மேலாகவே ஊர்ந்து மறுபுறம் போய்ச் சேர்ந்தாள். கடைசி வேரில் மட்டும் பெடல் லேசாக உரசியது; வண்டி சாயவில்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவர் அவளுடைய வண்டியைக் குனிந்து பார்த்து, இவ்வளவு தாழ்ந்த ஃபிரேமில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், படம் பிடிக்க வந்திருந்த ஜெயகணேஷ் முந்திக்கொண்டு அவரை ஏறி உட்காரச் சொன்னான். சட்டைப் பையில் டேப் தயாராக இருந்தது.